காக்கை உட்கார்ந்ததால்தான் பனம்பழம் விழுந்ததா?

மடிக்கணினியின் இயங்குதளத்தை மேம்படுத்தி முடித்துவிட்டீர்கள். புதிய திரை, புதிய சின்னங்கள் என்று எல்லாம் அழகாகத்தான் இருக்கின்றன. அன்றிரவே நண்பர்களுடன் இணைய விளையாட்டில் இறங்குகிறீர்கள். எதிரி கண்முன்னே நிற்கிறான், சுடுகிறீர்கள், அவன் அங்கே இல்லை. அரை வினாடி கழித்துப் பார்த்தால் விழுந்து கிடப்பது நீங்கள்தான். "லேக் ஆகுது!" என்று கத்துகிறீர்கள்.

உடனே குழுவில் ஒருவர் தீர்ப்பு வழங்குகிறார்: "புது விண்டோஸ்தான் காரணம். பழையதுக்கே மாறிடு." இன்னொருவர் ஒரு காணொளியை அனுப்புகிறார். அதில் வரும் பத்து மாற்றங்களையும் செய்தால் லேக் பறந்துவிடுமாம். மூன்றாமவரோ, "அப்பாகிட்ட சொல்லி கேமிங் ரௌட்டர் வாங்கு" என்கிறார்.

இந்த மூன்று யோசனைகளில் எதையும் உடனே பின்பற்றாதீர்கள் என்பதே என் கருத்து. சில நேரங்களில் அவை பலிக்கலாம். ஆனால், மூன்றுமே நோய் என்னவென்று பார்க்காமல் மருந்து கொடுக்கின்றன. மேம்படுத்திய பிறகு லேக் வந்தது உண்மை. மேம்படுத்தியதால்தான் வந்ததா என்பது வேறு கேள்வி. 'காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை' என்று நம் பெரியவர்கள் சொல்வது இந்தக் குழப்பத்தைத்தான்.

மாறியது எது?

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். பரிசோதனை அறிக்கை எழுதும்போது தற்சார்பு மாறி எது, சார்பு மாறி எது, கட்டுப்படுத்தப்பட்ட மாறி எது என்று ஆசிரியர் விடாமல் கேட்பார். ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை அப்படியே வைத்திரு, விளைவை அள. இவ்வளவுதான் பாடம். தேர்வு முடிந்ததும் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். வீட்டில் லேக் வரும்போது அதே பாடம் கைகொடுக்கும்.

யோசித்துப் பாருங்கள். இயங்குதளம் மட்டும்தான் மாறியதா? பெரும்பாலோர் இந்த வேலையைப் பள்ளி விடுமுறையில் செய்கிறார்கள். விடுமுறை என்றால் தம்பி கைப்பேசியில் காணொளி பார்ப்பான், அக்கா தொலைக்காட்சியில் தொடர் பார்ப்பார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் இணையத்தில்தான் இருப்பார்கள். நீங்களும் மேசையை விட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தபடி விளையாடலாம். ஒரே நாளில் நான்கு மாறிகள் மாறியிருக்க, பழியை ஒன்றன்மேல் மட்டும் போடுவது அறிவியல் ஆகாது.

வேகம் வேறு, தாமதம் வேறு

"வீட்டில் 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இருக்கிறது, பிறகு ஏன் லேக்?" என்று நீங்கள் கேட்கலாம். எம்பிபிஎஸ் என்பது ஒரு வினாடியில் எவ்வளவு தரவு வந்து சேரும் என்பதன் அளவு. விளையாட்டுக்கு முக்கியம், ஒரு சிறு தகவல் போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்பதுதான். அதை மில்லிவினாடியில் அளப்பார்கள். காணொளி சில வினாடிகளுக்கு வேண்டியதை முன்கூட்டியே சேமித்து வைத்துக்கொள்ளும். நடுவில் தடங்கல் வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. விளையாட்டில் அப்படிச் சேமிக்க வழியில்லை. எதிரி அடுத்து எங்கே ஓடுவான் என்பது இன்னும் நடக்கவே இல்லையே!

வாலரன்ட் விளையாட்டின் சர்வர் வினாடிக்கு 128 முறை நிலவரத்தைப் புதுப்பிக்கிறது. ஏறக்குறைய 8 மில்லிவினாடிக்கு ஒரு முறை. உங்கள் வைஃபை 200 மில்லிவினாடி திணறினால், அதற்குள் 25 புதுப்பிப்புகள் கடந்துபோய்விடும். சராசரி வேகம் எவ்வளவு அதிகமாக இருந்தாலும் இந்தத் திணறலை அது ஈடுகட்டாது.

தூரத்தையும் கணக்கில் வையுங்கள். ஒளியிழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். போய்வர 3 மில்லிவினாடி போதும். தோக்கியோ ஏறத்தாழ 5,300 கிலோமீட்டர்; போய்வர 53 மில்லிவினாடி ஆகும். இது இயற்கை விதிக்கும் குறைந்தபட்சம். கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை என்பதால் உண்மையில் இன்னும் கூடும். விளையாட்டு தானாகவே தொலைதூரச் சர்வரைத் தேர்ந்தெடுத்திருந்தால், மடிக்கணினியில் எதை மாற்றினாலும் பயனில்லை. ஆகவே, முதலில் விளையாட்டின் அமைப்புகளில் எந்தச் சர்வர் என்று பாருங்கள். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஒரு மாலையில் எழுதிய கருவி

உங்கள் தகவல் மூன்று கட்டங்களைக் கடக்கிறது. மடிக்கணினியிலிருந்து ரௌட்டர் வரை வைஃபை. ரௌட்டரிலிருந்து இணையச் சேவை நிறுவனம் வரை ஃபைபர். அங்கிருந்து விளையாட்டுச் சர்வர் வரை நெடுந்தூரக் கேபிள். கோளாறு எந்தக் கட்டத்தில் என்று தெரியாமல் பழுது பார்க்க முடியாது.

அதைக் கண்டுபிடிக்கும் கருவி ஏற்கெனவே உங்கள் கணினியில் இருக்கிறது. அதன் பெயர் 'பிங்'. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்க நிரலாளர், பிணையத்தில் ஏதோ தொல்லை இருப்பதைக் கண்டு, அதைத் தேடுவதற்காக ஒரே மாலையில் எழுதிய சிறு நிரல் அது. நீர்மூழ்கிக் கப்பலின் ஒலியலைக் கருவி எழுப்பும் ஓசையையே பெயராக வைத்தார். ஓர் ஒலியை அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தை அளப்பதுதான் இரண்டுக்கும் வேலை.

கமாண்ட் பிராம்ப்ட் சாளரத்தைத் திறந்து, பிங் என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு ரௌட்டரின் முகவரியைக் கொடுங்கள். அது பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 ஆக இருக்கும். ரௌட்டரின் அடியில் ஒட்டிய தாளிலும் இருக்கலாம். முகவரிக்குப் பின் இன்னோர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் 'டி' எழுத்தும் சேர்த்தால் நீங்கள் நிறுத்தும்வரை அளந்துகொண்டே இருக்கும். ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். ரௌட்டருக்கு அருகில் இருந்தால் பதில் சில மில்லிவினாடிகளில் வர வேண்டும். ஓரிரு முறை எண் துள்ளினால் கவலை வேண்டாம். அடிக்கடி 100, 200 என்று எகிறினாலோ, பதிலே வராமல் போனாலோ கோளாறு உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ரௌட்டர் வரை எண்கள் சீராக இருந்து, விளையாட்டுத் திரை காட்டும் பிங் மட்டும் எகிறினால் வைஃபையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

அடுத்து இரண்டு ஒப்பீடுகள். மேம்படுத்தப்படாத இன்னொரு மடிக்கணினியை அதே இடத்தில், அதே நேரத்தில் வைத்து அளந்து பாருங்கள். அதுவும் திணறினால் உங்கள் புதிய இயங்குதளம் நிரபராதி. பிறகு, உங்கள் மடிக்கணினியை ரௌட்டருடன் கேபிளால் இணைத்து அளந்து பாருங்கள். திணறல் நின்றால் குற்றவாளி வைஃபை கட்டத்தில்தான் ஒளிந்திருக்கிறார்.

திணறலுக்கும் ஒரு தாளம் உண்டு

வைஃபை ஒரு பட்டிமன்றம் மாதிரி. மேடையில் ஒரே ஒலிவாங்கி. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். ஒரே அலைவரிசையில் இருக்கும் எல்லாக் கருவிகளும் அப்படித்தான் காத்திருக்கின்றன, பக்கத்து வீட்டுக் கருவிகள் உட்பட. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று உரசாமல் இயங்கக்கூடிய தடங்கள் மூன்றுதான்: 1, 6, 11. தொடர் வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் எத்தனை ரௌட்டர்கள் அந்த மூன்றுக்குள் முண்டியடிக்கும் என்று எண்ணிப் பாருங்கள். புளூடூத் இயர்போனும் அதே அலைவரிசையில்தான் பேசுகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் தடங்கள் அதிகம். ஆனால், நம் செங்கல் சுவர்களைத் தாண்டும்போது அது விரைவில் வலுவிழக்கும்.

இனி எண்களின் போக்கைக் கவனியுங்கள். மின்கலத்தில் ஓடும்போது மட்டும் திணறி, மின்னேற்றியைச் செருகியதும் சரியானால், வைஃபை சில்லைத் தூங்க வைக்கும் மின்சிக்கன அமைப்பைச் சந்தேகியுங்கள். மேம்படுத்தலின்போது அது பழைய நிலைக்குத் திரும்பியிருக்கலாம். சீரான இடைவெளியில் எண் துள்ளினால், மடிக்கணினி வேறு வைஃபை இருக்கிறதா என்று அவ்வப்போது தேடிப் பார்க்கிறது என்று ஊகிக்கலாம். ஆப்பிள் மடிக்கணினிகளில் ஏர்டிராப் வசதிக்காக வைஃபை அடிக்கடி தடம் மாறிப் பார்ப்பதும் இத்தகைய துள்ளலைத் தரும். இரவு எட்டு மணிக்கு மேல் மட்டும் திணறினால் அக்கம்பக்க நெரிசலைப் பாருங்கள். எப்போதும் திணறினால், வைஃபை சில்லை இயக்கும் டிரைவர் நிரலைப் பாருங்கள். மேம்படுத்தல் அதை உங்கள் மாதிரிக்குப் பொருந்தாத பதிப்பாக மாற்றியிருக்கலாம். மடிக்கணினி நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ இணையத்தளத்தில் சரியான பதிப்பு கிடைக்கும்.

பலர் கவனிக்காத சந்தேக நபர் ஒருவர் இருக்கிறார். மேம்படுத்திய முதல் சில நாட்களில் கணினி பின்னணியில் நிறைய வேலை செய்கிறது. விடுபட்ட புதுப்பிப்புகளைப் பதிவிறக்குகிறது. ஒன்டிரைவ் போன்ற சேவைகள் உங்கள் படங்களை மேகச் சேமிப்புக்கு ஏற்றத் தொடங்குகின்றன. ஏற்றும் பாதை நிரம்பியதும் ரௌட்டரில் வரிசை நீள்கிறது. உங்கள் விளையாட்டின் சிறு தரவுப் பொட்டலம், படங்களின் பெரிய வரிசைக்குப் பின்னால் போய் நிற்கிறது. ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் தம் வீட்டு இணையத்திலேயே இதைக் கண்டு, 2010-இல் 'பஃபர்புளோட்' என்று பெயரிட்டார். இதைச் சோதிப்பது எளிது. பெரிய கோப்பு ஒன்றை ஏற்றிக்கொண்டே வெளித்தளம் ஒன்றுக்குப் பிங் அனுப்புங்கள். 10-இல் இருந்த எண் 200-ஐத் தொட்டால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். ஏற்றம் முடியும்வரை பொறுத்திருந்தாலோ, விளையாடும்போது அதை நிறுத்தி வைத்தாலோ போதும். ஒரு வெள்ளிகூடச் செலவில்லை.

பத்தையும் ஒன்றாகச் செய்தால் என்ன?

"இவ்வளவு எதற்கு? காணொளியில் வரும் பத்தையும் செய்துவிட்டால் ஒன்றாவது வேலை செய்யுமே" என்று சிலர் வாதிடலாம். நியாயமான கேள்விதான். லேக் போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். எந்த மாற்றம் போக்கியது? தெரியாது. அடுத்த மாதம் மீண்டும் வந்தால் மறுபடி பத்தையும் செய்ய வேண்டும். அந்தப் பத்தில் தீயணைச் சுவரை அணைப்பதும், தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்துவதும், யார் எழுதியதென்று தெரியாத 'பூஸ்டர்' செயலியை நிறுவுவதும் இருந்தால்? லேக்கை விரட்டக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கப் போகிறீர்கள். அதே மடிக்கணினியில்தான் உங்கள் பள்ளி வேலையும் பெற்றோரின் வங்கிக் கணக்கும் இருக்கக்கூடும்.

பழைய இயங்குதளத்திற்குத் திரும்புவதும் அப்படித்தான். விண்டோஸ் 11-க்கு மாறியவர்கள் முதல் 10 நாட்களுக்குள் திரும்பிச் செல்லலாம். ஆனால், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியே முடிந்துவிட்டது. படங்கள் ஏறி முடியும்வரை பொறுக்காமல் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போன்றது.

ஆகவே, ஒரு குறிப்பேடு எடுங்கள். தேதி, நேரம், இடம், செய்த ஒரே மாற்றம், பிங் எண்கள் ஆகியவற்றை எழுதுங்கள். ஒரு மாற்றம் பலிக்கவில்லையென்றால் அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாச் சோதனையும் முடிந்து, உண்மையிலேயே இயங்குதளத்தின் டிரைவர்தான் காரணம் என்று தெரிந்தால் தயங்காமல் சொல்லுங்கள். "லேக் ஆகிறது" என்று மட்டும் எழுதும் புகாரைச் சேவை மையம் சுலபமாகத் தட்டிக்கழித்துவிடும். "அதே இடத்தில் பழைய மடிக்கணினிக்கு 4, எனக்கு 180, கேபிளில் 2" என்று எழுதும் பதினைந்து வயதுப் பிள்ளையை அப்படித் தட்டிக்கழிக்க முடியாது.

ரௌட்டர்தான் பழுது என்று எண்கள் சொன்னால், அந்தக் குறிப்பேட்டையே அப்பாவிடம் காட்டுங்கள். அழுது கேட்பதைவிட அட்டவணையைக் காட்டிக் கேட்பது பலன் தரும். அவர் உடனே வாங்கித் தருவாரா என்பதற்கு என்னிடம் உத்தரவாதம் இல்லை. ஆனால், காரணம் கேட்டால் சொல்வதற்கு உங்களிடம் பதில் இருக்கும்.