ஒரு தலைமையாசிரியரின் குடும்பம்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் நம் ஊர்த் தலைமையாசிரியர்களின் அறைவாசலில் கூட்டம் கூடத் தொடங்கிவிடுகிறது. கையில் டி.ஸி. காகிதமும், பக்கத்தில் எண்ணெய் வழியத் தலைவாரிய பையனுமாக, உள்ளே உட்கார்ந்திருப்பவர் சாதுவோ சண்டமாருதமோ என்ற கலக்கத்தோடு தகப்பன்மார்கள் வரிசையாக நிற்பதைக் காணும்போதெல்லாம், பிறப்பும் இறப்பும் ஜூன் மாதத்திலேயே அமைந்துவிட்ட ஒரு தலைமையாசிரியரின் ஞாபகம் எனக்கு வருவது வழக்கம். 1795-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் தேதி பிறந்து, 1842-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் தேதி, 47 வயது நிரம்புவதற்கு ஒரே ஒரு நாள் மிச்சமிருக்கையில் காலமான டாக்டர் தாமஸ் ஆர்னால்டு அவர்.

நம்மவர்களில் ஆங்கில இலக்கியம் பயின்றவர்களுக்குத் தகப்பனாரைக் காட்டிலும் அவருடைய குமாரர், கவியும் விமரிசகருமான மாத்யூ ஆர்னால்டுதான் அதிகப் பரிச்சயம். தகப்பனாரை எனக்கு அறிமுகம் செய்துவைத்தது, ரக்பி பள்ளிக்கூடத்தில் அவரிடம் படித்த தாமஸ் ஹ்யூஸ் 1857-ல் எழுதிய டாம் பிரவுன் கதை. அந்தப் புத்தகத்தை என் கையில் கொடுத்தவர் எங்கள் பள்ளித் தலைமையாசிரியர். நெற்றி நிறைய விபூதியும் குரல் நிறைய அதிகாரமுமாக விளங்கிய அந்தப் பெரியவர், புத்தகத்தின் மகிமையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், “அட்டையை மடக்காமல் படித்துவிட்டுக் கொண்டு வா” என்று மட்டும் சொன்னார்.

சரித்திர ஆசிரியர்கள் ஆர்னால்டைப் பள்ளிக்கூடச் சீர்திருத்தக்காரர் என்று ஸ்தாபித்திருக்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் ஒரு முகம், வகுப்பில் ஒரு முகம், தேவாலயத்தில் ஒரு முகம் என்று மூன்று முகங்களோடு ஜீவிப்பதே உத்தியோக தர்மம் என்று நினைக்கிற உலகத்தில், ஒரே முகத்தோடு மூன்று இடங்களுக்கும் போய்வந்த மனிதர் என்பதற்காகவே நான் அவரை நினைக்கிறேன்.

வைட் தீவில் சுங்க இலாகா அதிகாரியாக இருந்த தகப்பனார், தாமஸுக்கு ஐந்து வயதாகும்போதே இருதய நோயினால் திடீரென்று மாண்டுபோனார். பிறகு வின்செஸ்டர் பள்ளி, ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை, 1815-ல் அங்கேயே ஓரியல் கல்லூரியில் அங்கத்தினர் பதவி என்று படிப்பு ஏறிக்கொண்டே போயிற்று. 1820-ல் மேரி பென்ரோஸ் என்ற பெண்மணியை மணந்து, தேம்ஸ் நதிக்கரையில் லேல்ஹாம் என்ற கிராமத்தில் சில பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு பாடம் சொல்லிக்கொடுத்து வந்தார்.

அங்கே நடந்த ஒரு சிறு சம்பவத்தை அவர் ஆயுள் முழுவதும் மறக்கவில்லை. தம் குழந்தைகளுக்கும் சொல்லிவைத்தார். மந்த புத்தியுள்ள ஒரு பையனிடத்தில் அவர் ஒருநாள் பொறுமையிழந்து கடுமையாகப் பேசிவிட்டாராம். பையன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்து, ஏன் கோபித்துக்கொள்கிறீர்கள், என்னால் முடிந்ததை எல்லாம் நான் செய்துகொண்டுதானே இருக்கிறேன் என்று கேட்டான். அந்தப் பார்வையின் முன்னால் வெட்கியதைப்போல் தாம் வாழ்க்கையில் வேறெப்போதும் வெட்கியதில்லை என்று ஆர்னால்டு சொல்லுவார். நானும் இரண்டு வருஷ காலம் உபாத்தியாயராக இருந்தவன். பின்னக் கணக்கு வராத ஒரு பையனைக் கரும்பலகையின் முன்னால் நிறுத்தி, வகுப்பு முழுவதும் சிரிக்கும்படியாக ஒரு சாமர்த்தியமான வார்த்தை சொன்னேன். அவன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. சுண்ணாம்புக் கட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். அதனால் எனக்கு அன்றைக்கு வெட்கம் வரவில்லை. ஆர்னால்டின் சரிதத்தைப் படித்த பிறகுதான் வந்தது.

1828-ல் அவர் ரக்பியின் தலைமையை ஏற்றார். அந்தக் காலத்து ஆங்கிலப் பள்ளிக்கூடம் என்றால் ஒழுங்கின் உறைவிடம் என்று எண்ணிவிட வேண்டாம். இதே ரக்பியில் 1797-ல் பையன்கள் தலைமையாசிரியரின் அறைக்கதவை வெடிமருந்து வைத்துத் தகர்த்து, கடைசியில் அவர்களை அடக்கப் பட்டாளத்தை வரவழைக்க நேர்ந்தது. அத்தகைய இடத்துக்கு வந்து சேர்ந்த ஆர்னால்டு, முதலில் தெய்வ நெறியும் ஒழுக்கமும், அதற்கடுத்தபடி கண்ணியமான நடத்தை, மூன்றாவதாகத்தான் புத்திக் கூர்மை என்று தம் பிள்ளைகளிடத்தில் எதிர்பார்க்க வேண்டியவற்றை வரிசைப்படுத்திக்கொண்டார். கிரேக்கமும் லத்தீனுமே கல்வி என்றிருந்த பாடத்திட்டத்தில் நவீன சரித்திரம், பிரெஞ்சு, கணிதம் ஆகியவற்றுக்கு இடம் கொடுத்தார். ஆறாம் படிவத்து மூத்த மாணவர்களுக்குத் தாமே நேரில் கற்பித்து, பள்ளியின் நிர்வாகப் பொறுப்பில் பெரும் பங்கை அவர்கள் தோளில் ஏற்றினார்.

நம்பிக்கை வைத்தே அவர்களைத் திருத்தினார் என்று சொல்லவேண்டும். மூத்த பையன் ஒருவன் ஒரு விஷயத்தைச் சொன்னால் அதற்குமேல் சாட்சி தேடமாட்டார். நீ சொன்னால் சரி என்று விட்டுவிடுவார். இதனால், ஆர்னால்டிடம் பொய் சொல்லுவது கேவலம், ஏனென்றால் அவர் அதை அப்படியே நம்பிவிடுகிறார் என்று பையன்களுக்குள்ளேயே ஓர் அபிப்பிராயம் பரவிவிட்டது. எத்தனை பிரம்புகள் முறிந்தாலும் உண்டாகாத கட்டுப்பாடு அது.

தெய்வபக்தி என்ற சொல்லை நாம் பெரும்பாலும் பூஜையறைக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறோம். ஆர்னால்டுக்கோ கிரேக்க ஆசிரியர் தூசிடிடீஸின் சரித்திரத்தைப் பாடம் சொல்லுவதும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கமும் ஒரே காரியத்தின் இரு பகுதிகள். 1831-ல் பள்ளித் தேவாலயத்தின் குருப்பதவி காலியானபோது அதையும் தாமே ஏற்றுக்கொண்டார். தம் பிள்ளைகளுக்கு உபதேசம் செய்யும் பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைக்க அவருக்கு மனம் வரவில்லை. பிரசங்கம் 20 நிமிஷத்துக்கு மேல் நீளாது. இந்த ஒரு குணத்துக்காகவே அவரை மகான் என்று ஒப்புக்கொள்ளத் தயாராக இருப்பவர்கள் எல்லாச் சமயங்களிலும் இருப்பார்கள்.

தலைமையாசிரியரின் இல்லமும் மாணவர் விடுதியும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருந்தன. அவருக்கு ஒன்பது குழந்தைகள் மிஞ்சி வளர்ந்தார்கள். மாலையில் மனைவி மட்டக்குதிரையின்மீது வர, அவர் பக்கத்திலேயே நடந்து செல்லுவது ரக்பிவாசிகள் நித்தியம் கண்ட காட்சி. சங்கீத ஞானம் சிறிதும் இல்லாத அவர், காட்டுப் பூக்களே தமக்குச் சங்கீதம் என்பாராம். ரக்பியின் சமவெளி அவருக்குப் பிடிக்கவே இல்லை. மலை இல்லாத ஊரில் மனம் ஒட்டவில்லை. ஆகையால் வடக்கே ஏரிகளும் குன்றுகளும் நிறைந்த பிரதேசத்தில், கவி வேர்ட்ஸ்வொர்த்தின் ஆலோசனையைக் கேட்டு, 1834-ல் ‘பாக்ஸ் ஹௌ’ என்ற வீட்டைக் கட்டி முடித்தார். விடுமுறை தொடங்கியதும் குடும்பம் முழுவதும் அங்கே போய்விடும். குழந்தைகள் தங்களுக்குள்ளே ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். ரைடல் கிராமத்துக்கும் கிராஸ்மியருக்கும் இடையே செல்லும் மூன்று பாதைகளில் பழைய வளைந்த பாதைக்குப் ‘பழம் ஊழல்’ என்றும், அடுத்ததற்குக் ‘கொஞ்சம் கொஞ்சமாகச் சீர்திருத்தம்’ என்றும், நேராகக் கீழே போகும் புதுப் பாதைக்குத் ‘தீவிரச் சீர்திருத்தம்’ என்றும் அவர் பெயர் சூட்டியிருந்தார். உம்மென்று இருப்பவர் என்று பையன்கள் நடுங்கிய டாக்டரின் மறுபக்கம் இது.

குறையே இல்லாதவர் என்று சொல்ல வரவில்லை. 1832-ல் ஒரு பையன் பொய் சொன்னான் என்று ஆத்திரத்தில் முடிவுகட்டி 18 பிரம்படி கொடுத்தார். விசாரித்ததில் பையன் சொன்னதே நிஜம் என்று தெரியவந்தது. அவனிடத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார் என்பது உண்மை. ஆனால் அடி அடிதானே. கத்தோலிக்கர்களுக்குச் சம உரிமை வேண்டும் என்று 1829-ல் துணிந்து எழுதிய அதே கை, யூதர்களுக்கு அந்த உரிமையை மறுத்தது. மூத்த மகன் மாத்யூவுக்கு ஞானத்தகப்பனாராக நின்ற ஜான் கீபிளோடு மதக்கொள்கை விஷயத்தில் மனஸ்தாபம் ஏற்பட்டு, பழைய சிநேகமே குன்றிப்போயிற்று. பக்தி ஆழமாக இருக்கிற இடத்தில் பிடிவாதமும் அருகிலேயே குடியிருக்கும் போலும்.

1842 ஜூன் 11, சனிக்கிழமை. பருவம் முடிந்து பள்ளிக்கு விடுமுறை. குழந்தைகளில் சிலர் முன்னதாகவே பாக்ஸ் ஹௌவுக்குப் போய், தகப்பனாரின் வருகையையும் பிறந்த நாளையும் எதிர்பார்த்திருந்தார்கள். அன்று இரவு மூத்த மாணவர்கள் சிலருக்கு விருந்தளித்துவிட்டு, நாளை மறுநாள் என் பிறந்த நாள், அதைக் காண எனக்கு அருள் இருந்தால் என்ற பொருள்பட நாட்குறிப்பில் எழுதிவிட்டுப் படுத்தார். விடியற்காலையில் மார்பில் கடுமையான வலி கண்டது. மனைவி பிரார்த்தனைப் புத்தகத்தை எடுத்து வாசித்தாள். வைத்தியரிடம், இது இருதய நோய்தானா, இதற்கு உட்பட்டவர்கள் பெரும்பாலும் இறந்துவிடுவார்களா என்று, ஒரு சரித்திரச் சந்தேகத்தை நிவர்த்தி செய்துகொள்பவரைப்போலக் கேட்டார். ஆம் என்றார் வைத்தியர். இரண்டாவது குமாரன் தாமஸைப் பார்த்து, இந்த வலியைத் தந்ததற்காக எனக்காகக் கடவுளுக்கு நன்றி சொல் என்றார். தம் வாழ்நாளில் வலியையே அதிகம் அனுபவித்தறியாத தமக்கு இது நன்மை என்று அவர் கருதினார். காலை வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தகப்பனாரைக் கொண்டுபோன அதே நோய். பின்னால் 1888-ல், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும் மகளை எதிர்கொண்டு அழைப்பதற்காக லிவர்பூலுக்குச் சென்ற இடத்தில், மாத்யூவையும் அதுவே கொண்டுபோயிற்று.

பிள்ளைகள் தகப்பனாரின் தொழிலை விடவில்லை. மாத்யூ 35 வருஷம் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக அலைந்தார். தாமஸ் டாஸ்மேனியாவில் அதே உத்தியோகம் பார்த்தார். தகப்பனார் இருந்திருந்தால் வருந்தியிருக்கக்கூடிய வகையில் கத்தோலிக்க மதத்திலும் சேர்ந்தார். வில்லியம் நம் தேசத்துக்கு வந்து, பட்டாளத்தில் இருந்து, பிறகு பஞ்சாப் மாகாணத்தின் கல்வி இலாகா தலைவரானார். மனைவியை இமயமலைச் சாரலில் அடக்கம் செய்துவிட்டு, உடல் நலிந்து தாய்நாடு திரும்பும் வழியில், 1859-ல் ஜிப்ரால்டரில் அவரும் மாண்டார். அவருடைய நான்கு அநாதைக் குழந்தைகளையும் மூத்த சகோதரி ஜேன் தன் குழந்தைகளாக ஏற்று வளர்த்தாள். அவளுடைய கணவர் வில்லியம் பாஸ்டர்தான் 1870-ல் இங்கிலாந்தின் ஆரம்பக் கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்.

விதவையான மேரி பாக்ஸ் ஹௌவிலேயே 1873 வரை இருந்தாள்; அவளுக்குப் பின் கடைசிப் பெண் பிரான்ஸிஸ் அந்த வீட்டைக் காத்துவந்தாள். 1918-ல் லிட்டன் ஸ்ட்ரேச்சி என்ற கெட்டிக்கார எழுத்தாளர், விக்டோரியா காலத்துப் பெரியவர்கள் நால்வரைக் கேலி செய்து புத்தகம் வெளியிட்டபோது, ஆர்னால்டையும் அதில் சேர்த்து, அவருடைய கால்கள் இருக்கவேண்டியதைவிடச் சற்றுக் குட்டை என்று எழுதி, நாடு முழுவதையும் சிரிக்க வைத்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தக் கால்கள் குன்றுப் பாதைகளில் நடந்ததைப் பார்த்த எண்பது வயது கடந்த ஒரு மகள் அப்போதும் அந்த வீட்டில் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள் என்று பின்னொரு நாள் தெரிந்துகொண்டேன். ஸ்ட்ரேச்சியின் புத்தகத்தை மறுபடி அலமாரியிலிருந்து நான் எடுக்கவில்லை.