மார்க்குக்கு மட்டுந்தானா பெருமை?

தோழர்களே, என் மகன் இந்த வருஷம் நான்காம் படிவம். வயது 16. போன தீபாவளிக்கு என் தோள் உயரம் நின்றவன், இப்போது என்னைக் குனிந்து பார்க்கிறான். சோற்றுப் பானையில் பருக்கை மிஞ்சுவதில்லை, அவ்வளவு பசி! கணக்குப் பாடம் சுமார்தான். இருக்கட்டும்.

எனக்குப் பெருமை வேறு. பள்ளி பஸ்ஸில் கூட்டாளி 'வேப்' நீட்டியபோது வேணாம் என்றவன், அன்று ராத்திரியே என்னிடம் வந்து அதைச் சொன்னான்.

மாம்பழ வாசனை, வெறும் ஆவிதானே என்பார்கள் பையன்கள். உள்ளே பெரும்பாலும் நிக்கோட்டின், சிகரெட்டில் இருக்கிற அதே சரக்கு. வளர்கிற மூளையைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். 2023 ஏப்ரலில் திரவ நிக்கோட்டினை நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்கக்கூடாது என்ற சட்டமோ 2024 அக்டோபர் 1-இல்தான் அமலுக்கு வந்தது. நடுவில் ஒன்றரை வருஷம் பிள்ளைகளுக்கு யார் காவல்?

சட்டம் வந்தாலும் பஸ்ஸுக்குள் நாம் இல்லையே. எடுத்ததும் கை ஓங்குகிற அப்பனிடம் எந்தப் பிள்ளை வாய் திறப்பான்? பையில் அந்தச் சாமான் கிடைத்தால் அடிக்காதீர்கள், டிஸ்பென்சரிக்குக் கூட்டி வாருங்கள். விடுவதற்கு உதவுகிற பிரிவு அரசாங்க கிளினிக்குகளில் இருக்கிறது. நானே கடிதம் எழுதித் தருகிறேன்.