நடையும் சுமையும்

எல்லைக்குள் அடங்காத அழகு என்று ஊவா மலைகளைப் போற்றுகிறார்கள். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் 1921-இல் கட்டி முடிந்த ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண உல்லாசப் பயணிகள் நாள்தோறும் மலைப்பாதையில் நடக்கின்றனர். வியர்த்துக் களைத்தாலும் மனம் இலேசாகித் திரும்புகின்றனர். அதே மலையில், நிறைமாதத்தை நெருங்கும் பெண்ணொருத்தி கொழுந்துச் சுமையோடு ஏறுகிறாள். அவள் மனம் ஏன் இலேசாவதில்லை?

கர்ப்பகால உடற்பயிற்சி மனச்சோர்வைத் தணிக்கும் என்கிறது மருத்துவம். 2018-இல் வெளியான கனடா நாட்டு வழிகாட்டி, மருத்துவத் தடை இல்லாத கர்ப்பிணிகள் வாரத்தில் மூன்று நாளாவது, மொத்தம் 150 நிமிடம், மிதமாக உடலை இயக்கவேண்டும் என்றது. 2020-இல் உலக சுகாதார நிறுவனமும் இதே அளவைப் பரிந்துரைத்தது. இதை நாம் மறுக்கவில்லை. இதிலிருந்து சிலர் பெறும் முடிவையே மறுக்கிறோம்.

"தோட்டத்துப் பெண்ணுக்கு இந்தப் போதனை எதற்கு? அவள்தான் நாள் முழுதும் மலை ஏறுகிறாளே! உழைக்கிறவளுக்கு மனச்சோர்வு ஏது?" படித்தவர் வாயிலிருந்தே இதைக் கேட்டிருக்கிறோம். 150 நிமிடக் கணக்கை அவள் ஒரே காலைப்பொழுதில் தாண்டிவிடுகிறாள் என்பது மெய்தான். ஆனால் அது பயிற்சியா?

ஓய்வு வேளையில் விரும்பிச் செய்யும் இயக்கம் நலம் தருகிறது. தொழிலில் சுமக்கும் இயக்கம் அந்நலத்தைத் தருவதில்லை, தீங்கும் செய்யலாம் என்று டென்மார்க் ஆய்வாளர் ஆந்திரேயாஸ் ஹோல்டர்மான் போன்றோர் காட்டியுள்ளனர். அவை பெரிதும் இதய நலம் பற்றிய ஆய்வுகள். ஆயினும் அவர்கள் கூறும் காரணங்களைப் பாருங்கள்: நெடுநேர உழைப்பு, போதாத ஓய்வு, வேகத்தைத் தானே தீர்மானிக்க முடியாமை. இவை தேயிலை மலையின் அன்றாடம் அல்லவா? பயணி களைத்தால் உட்காரலாம். அவள் உட்கார்ந்தால் நிறை குறையும். நிறை குறைந்தால் அரைப்பேர். மாலையில் லயத்துக்குத் திரும்பினால் தண்ணீரும் விறகும் அடுப்பும் காத்திருக்கும். இந்நிலையில் அவள் பேச்சற்று, உறக்கமற்று, உணவில் நாட்டமற்று வாடினால், அதற்குச் சோம்பல் என்று பெயர். அல்லது காத்துக் கருப்பு என்று பெயர்!

1939-ஆம் ஆண்டு மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 2018-இல் திருத்தப்பட்டது. மூன்றாம் பிள்ளைக்கும் 84 நாள் விடுமுறை கிடைத்தது. அது நல்ல வெற்றி. எனினும் அதில் பேற்றுக்கு முன் உரியது இரண்டே வாரம். அதற்கு முந்திய மாதங்களின் சுமையை யார் குறைப்பது?

ஆகவே நாம் கேட்பது இது. கர்ப்பிணிக்கு நிறைக் கணக்கில்லாத இலகு வேலையும் முழுப்பேரும் வேண்டும். சம்பளம் குறையாமல் சிறிது நடக்கவும் உட்காரவும் நேரம் வேண்டும். 1987-இல் எடின்பரோவில் உருவான பத்துக் கேள்விப் பட்டியல், மனச்சோர்வை முன்கூட்டியே அறிய உலகெங்கும் பயன்படுகிறது. அதை அவள் மொழியில், அவசரமின்றி, கணவனும் மாமியாரும் அருகில் இல்லாதபோது கேட்க ஒருவர் வேண்டும்.

தோட்டப் பாடசாலை ஆசிரியர்களே, மாணவர்களே, இவளை நீங்கள் அறிவீர்கள். உங்கள் வகுப்பிலிருக்கும் பிள்ளையின் தாய் அவள்; உங்களிற் பலரைச் சுமந்தவளும் அவளே. தொழிற்சங்கக் கூட்டத்தில் சம்பளத்தைப் பற்றிப் பேச்செழும்போது, அவளுடைய முழுப்பேரைப் பற்றியும் எழுந்து பேசுங்கள்.