இக்பால் பாடத்தை நீக்கும் தில்லிப் பல்கலைக்கழகத்துக்குக் கண்டனம்

மே 2023

மே 26 அன்று கூடிய தில்லிப் பல்கலைக்கழகக் கல்விக் கவுன்சில், பி.ஏ. அரசியல் அறிவியல் ஆறாம் பருவத் தாளிலிருந்து கவிஞர் முகமது இக்பால் பற்றிய பாடத்தை நீக்கத் தீர்மானித்திருப்பதை எங்கள் ஆசிரியர் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. இந்தியாவை உடைக்க அடித்தளமிட்டவர்களுக்குப் பாடத்திட்டத்தில் இடமில்லை என்பது துணைவேந்தர் தரும் விளக்கம். ஒருவரைப் பாடமாக வைப்பது அவருக்கு மாலை போடுவதாகாது என்பதை ஒரு துணைவேந்தருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

'நவீன இந்திய அரசியல் சிந்தனை' என்ற அந்தத் தாளில் பதினொரு அலகுகள். ராம்மோகன் ராய், பண்டித ரமாபாய், விவேகானந்தர், காந்தி, அம்பேத்கர் என்று செல்லும் வரிசையில் இக்பாலுக்குரிய தலைப்பு 'சமூகம்'. அதே தாளில் சாவர்க்கருக்கு 'இந்துத்துவம்', நேருவுக்கு 'மதச்சார்பின்மை'. இவர்களை ஒரே தாளில் வைத்தவர்களுக்கு வகுப்பறை தெரிந்திருக்கிறது. மதத்தை வைத்து ஒரு தேசத்தைக் கட்டலாமா என்ற கேள்விக்கு மூன்று பதில்களையும் மோதவிட்டு மாணவர் தாமே முடிவுக்கு வரலாம். சாவர்க்கரை எடுக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. அவர் இருக்கட்டும், அவரோடு வாதாட இக்பாலும் இருக்கட்டும்.

1904இல் 'சாரே ஜஹான் சே அச்சா' எழுதியவர், 1930இல் அலகாபாத் முஸ்லிம் லீக் மாநாட்டுத் தலைமையுரையில் பஞ்சாப், சிந்து, பலுசிஸ்தான், வடமேற்கு எல்லை மாகாணம் ஆகியவற்றை ஒரே மாநிலமாக்கக் கோரினார். எது அவரை அங்கே கொண்டு சேர்த்தது? அதுதானே பாடம்! பாகிஸ்தான் கோரிக்கை எழுந்ததும் 1940இல் அதை ஒரு முழு நூலாகவே அலசியவர் அம்பேத்கர். அவர் படத்தைச் சுவரில் மாட்டுகிறவர்கள் அவர் படித்த முறையையும் கொஞ்சம் பார்க்கலாம்.

பிரிவினை குறித்த ஆய்வு மையத்துக்கு ஒப்புதல் தந்ததும் இதே கூட்டம்தான். பிரிவினையை ஆராய மையம் வேண்டுமாம், அதற்கு இட்டுச்சென்ற சிந்தனையைப் படிக்கக் கூடாதாம். இஸ்லாமியச் சமயச் சிந்தனையின் மறுசீரமைப்பு குறித்துப் பின்னர் நூலான உரைகளில் சிலவற்றை இக்பால் 1929 ஜனவரியில் சென்னையில்தான் நிகழ்த்தினார். அன்றைய சென்னைக்கு இருந்த துணிச்சல்கூட இன்றைய தில்லிக்கு இல்லை.

அங்கே இது புதிதுமல்ல. 2011இல் ஏ.கே. ராமானுஜனின் ராமாயணக் கட்டுரை, அதை ஆராய்ந்த நால்வர் குழுவில் மூவர் ஆதரித்தும், நீக்கப்பட்டது. அப்போது மத்தியில் காங்கிரஸ் தலைமையிலான ஆட்சி. 2021இல் பாமாவின் 'சங்கதி'யும் சுகிர்தராணியின் கவிதைகளும் ஆங்கிலப் பாடத்திலிருந்து போயின. பாடம் நடத்துகிறவர்கள் ஒன்று சொல்ல, மேலே உட்கார்ந்திருப்பவர்கள் அடித்துத் தள்ளுவது வழக்கமாகிவிட்டது.

நிர்வாகக் கவுன்சிலின் ஒப்புதல் இன்னும் பாக்கி. அக்கவுன்சில் இத்தீர்மானத்தைத் திருப்பியனுப்ப வேண்டும். யாரைப் பாடமாக வைப்பது என்பதை அரசியல் அறிவியல் துறையிடமே விட வேண்டும். இதை வலியுறுத்தி தில்லித் துணைவேந்தருக்குக் கடிதம் அனுப்புமாறு தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் அரசியல் அறிவியல் துறை ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

– மாநிலச் செயற்குழு