கூட்டைக் காத்தால் மட்டும் போதுமா?

சிற்றாறு தாமிரவருணியில் கலக்கும் சீவலப்பேரிதான் பழைய முக்கூடல். இவ்வூரைக் களமாகக் கொண்ட ‘முக்கூடற்பள்ளு’, நெல் வகைகளோடு மீன் வகைகளையும் பட்டியலிடுகிறது. வயலும் நீரும் அவற்றில் வாழும் உயிர்களும் ஒரே உலகமாக இருந்த காலத்தின் பதிவு அது. அந்த வயலை மீண்டும் உயிர்களின் வாழிடமாக்க முடியுமா, அதற்கான செலவை யார் ஏற்பது என்பவையே இன்றைய கேள்விகள்.

பறவைகளைக் காப்பதில் நெல்லைச் சீமை முன்னோடி. கூந்தன்குளம் மக்கள் தங்கள் வீட்டு மரங்களில் நாரைகள் கூடு கட்ட இடமளித்தனர். 1994இல் அவ்வூர்க் குளம் சரணாலயமானது. தாமிரவருணிக் கரையிலுள்ள திருப்புடைமருதூர் 2005இல் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2011 முதல் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் நடைபெற்று வருகிறது.

இவை அனைத்தும் கூட்டையும் குளத்தையும் காக்கும் முயற்சிகள். கொக்கும் அரிவாள்மூக்கனும் இரை தேடும் வயலோ எவருடைய பாதுகாப்பிலும் இல்லை. தவளை, நத்தை, நண்டு, பூச்சி ஆகியவற்றை நஞ்சு அழித்துவிட்டால், கூடு கட்ட மரம் இருந்தும் குஞ்சுக்கு இரை இராது.

மீளுருவாக்க வேளாண்மை இந்த இடைவெளியை நிரப்பக்கூடும். பிசானத்துக்கு முன் தக்கைப்பூண்டும் சணப்பையும் விதைத்து மடக்கி உழுவது, ரசாயனத்தைக் கைவிடுவது, வரப்பில் மரமும் புதரும் வளரவிடுவது, பூச்சி தின்னும் பறவைகள் அமரத் தாங்கிகள் நடுவது ஆகியவை இதன் வழிமுறைகள். ஆந்திரத்தில் 2016 முதல் அரசு முன்னெடுத்துவரும் இயற்கை வேளாண்மைத் திட்டம் குறித்த ஆய்வொன்று 2025இல் ‘நேச்சர் எகாலஜி அண்ட் எவல்யூஷன்’ இதழில் வெளியானது. விளைச்சல் குறையாமலே உழவர் வருவாய் உயர்ந்ததையும், ரசாயன வயல்களைவிடப் பறவைகளுக்கு அவ்வயல்கள் உகந்தவையாக இருந்ததையும் அது பதிவு செய்தது. காட்டுப் பறவைகளுக்குக் காட்டின் இடத்தை எந்த வயலும் நிரப்பாது என்பதையும் அதே ஆய்வு சுட்டிக்காட்டியது.

எனில், தாமிரவருணிப் பாசனத்தில் இது ஏன் பரவவில்லை? இங்கு நீர் வயலுக்கு வயல் பாய்கிறது. மேல்வயலில் தெளித்த மருந்து கீழ்வயலுக்கும் இறங்குகிறது. ஒருவர் மட்டும் நஞ்சை நிறுத்துவதால் பலன் குறைவு. மாறும் ஆண்டுகளில் விளைச்சல் குறைந்தால், இழப்பு அவர் ஒருவருடையது, நன்மையோ ஊருக்கெல்லாம். அடுத்த போகத்தில் நிலம் தன்னிடம் இருக்குமா என்று அறியாத குத்தகை உழவர், வரப்பில் மரம் நடுவார் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று. மயிலும் காட்டுப்பன்றியும் பயிரை அழிப்பதைக் கண்டு சலித்தவரிடம் உயிர்களுக்கு இடம் விடச் சொல்லும்போது, இழப்பீட்டைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2023இல் அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. அடுத்த ஆண்டில் ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தைத் தொடங்கியது. இரண்டும் வரவேற்கத்தக்கவை. ஆனால், விதைக்கும் இடுபொருளுக்கும் தனித்தனி உழவருக்கு மானியம் வழங்குவதால் மட்டும் வாழிடம் மீளாது. நீர் எவ்வழி ஓடுகிறதோ அவ்வழியே திட்டமும் செல்ல வேண்டும். ஒரு குளத்தின் ஆயக்கட்டு முழுவதையும் ஓர் அலகாகக் கொள்வதே பொருத்தம். 2000ஆம் ஆண்டின் பாசன அமைப்புகள் மேலாண்மைச் சட்டப்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைக்கப்பட்டுள்ளன. ஆயக்கட்டு முழுவதும் நஞ்சைக் கைவிடும் சங்கத்துக்கு, மாறும் ஆண்டுகளின் இழப்பை அரசு ஈடுசெய்யலாம். அத்தொகை பட்டாதாரரை மட்டுமின்றி, பயிரிடும் குத்தகை உழவரையும் சென்றடைய வேண்டும். வனவிலங்குச் சேதத்துக்கான இழப்பீடு அலைக்கழிப்பின்றிக் கிடைக்க வேண்டும்.

இதைப் பறவைகளுக்கான சலுகையாகக் கருத வேண்டியதில்லை. சீவலப்பேரியில் எடுக்கப்படும் ஆற்றுநீர் கோவில்பட்டி வரை குடிநீராகச் செல்கிறது. வயலில் இறங்கும் நஞ்சு வாய்க்கால் வழியே ஆற்றைச் சேராது என்பதற்கு எவராலும் உறுதி தர இயலாது. கொக்கு அஞ்சாமல் இரை தேடும் வயலிலிருந்து வடியும் நீரே மனிதருக்கும் நல்லது. அந்த வயலைக் காக்கும் செலவு, அதில் உழைப்பவர் தலையில் மட்டும் விழக் கூடாது.