ஆடுகிற கால் எது?



மும்பையில் பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கும் சகோதரர் ஒருவர், தம் மகளின் ஆசைக்கிணங்க மூன்றடி நீளமுள்ள மீன்தொட்டியும் இரும்பு ஸ்டாண்டும் வாங்கி வந்தார். பால்கனிக் கதவருகே வைத்தபோது ஸ்டாண்டின் ஒரு கால் தரையைத் தொடாமல் ஆடியது. பழைய காலண்டர் அட்டையை நான்காய் மடித்து அந்தக் காலின்கீழ் செருகினார், ஆட்டம் நின்றது. ஏறக்குறைய ஆறு வாரங்கள் கழித்து, ஒரு நள்ளிரவில் தொட்டியின் மூலை ஒட்டு விட்டுப்போயிற்று. கீழ்வீட்டு மராத்தியக் குடும்பத்தார் படுக்கையில் தண்ணீர் சொட்டி விழித்தெழுந்தார்கள். வீட்டுக்காரரோ முன்பணத்தில் பிடித்தம் செய்யப்போவதாகச் சொல்லிவிட்டார்.

“ஐயா, கடைக்காரன் மோசமான கண்ணாடியைத் தந்துவிட்டான்” என்று அவர் என்னிடம் வருந்தினார். நான் சென்று பார்த்தேன். காலின்கீழ் அந்த அட்டை நனைந்து, நசுங்கி, தாளாய்க் கிடந்தது. குற்றம் கண்ணாடியில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இதை அற்பமாய் எண்ணாதிருங்கள். மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரையடி உயரமுள்ள தொட்டி ஏறக்குறைய 120 லிட்டர் தண்ணீர் கொள்ளும். தண்ணீர் மட்டுமே 120 கிலோ. கண்ணாடியும் கூழாங்கற்களும் ஸ்டாண்டும் சேர்ந்தால் 150 கிலோவைத் தாண்டும். இவ்வளவு பாரமும் நான்கு சிறிய கால்களின்மேல் இரவும் பகலும் நிற்கிறது. ஆகையால் மூன்று காரியங்களைக் கவனிப்போம்.

முதலாவது, தரையை அறிந்துகொள்ளுங்கள். பால்கனி, குளியலறைப் பக்கங்களில் தண்ணீர் வடிவதற்காகத் தளத்தைச் சாய்த்தே போடுகிறார்கள். பழைய கட்டடங்களில் தளக்கற்கள் ஆங்காங்கே இறங்கியுமிருக்கும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்துப் பாருங்கள். பின்பு அதை முனைமாற்றி அதே இடத்தில் வையுங்கள். குமிழ் முன்பு நின்ற பக்கமே நின்றால் சாய்வு தரையில் உள்ளது. எதிர்ப்பக்கம் போனால் கருவியில் பிழை. கூடுமானால் தொட்டியைச் சுவரோரமாக, உத்திரம் செல்லும் இடத்தில் வையுங்கள். 1987-இல் வெளியான ஐ.எஸ். 875 தர நிர்ணயத்தின் இரண்டாம் பகுதி, குடியிருப்பு அறைகளின் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ பாரம் எனக் கணக்கிடச் சொல்கிறது. அறையின் நடுவில் பெரிய தொட்டி வைக்க விரும்புவோர் பொறியாளரைக் கேட்காமல் வைக்கவேண்டாம்.

இரண்டாவது, ஸ்டாண்டை வெறுமையாய் இருக்கும்போதே சரிசெய்யுங்கள். மூன்று கால்கள் எந்தத் தரையிலும் ஊன்றி நிற்கும். நான்காவது காலிலேதான் தொல்லை. இங்கே ஒரு வித்தியாசத்தை உணரவேண்டும். ஸ்டாண்டு முழுவதும் ஒரே பக்கமாய்ச் சற்றுச் சாய்ந்தால், தண்ணீர் அந்தப் பக்கம் சிறிது கூடுதலாய் நிற்கும். ஒரு மூலை மட்டும் தாழ்ந்தாலோ ஸ்டாண்டு முறுக்கிக்கொள்ளும். அதன்மேல் இருக்கும் கண்ணாடியும் முறுக்கப்படும். கண்ணாடி வளைந்து கொடுக்காது. சிலிக்கான் ஒட்டுகளே அந்த இழுப்பைத் தாங்கவேண்டும். சாய்வைவிட முறுக்கே ஆபத்தானது. நம் சகோதரருடைய வீட்டில் நடந்தது இதுவே.

தரையில் மிக உயர்ந்து நிற்கும் காலைக் கண்டுபிடித்து, மற்ற மூன்றையும் அதற்குச் சமமாய் உயர்த்துங்கள். அலுமினியத் தகடோ கெட்டியான பிளாஸ்டிக் தகடோ வையுங்கள். காகிதம், அட்டை, பழைய செருப்புத் துண்டு ஆகியவை பாரத்தில் நசுங்கும். மரச்சீவல் நனைந்தால் உப்பும். வெல்டிங் பட்டறையில் ஒவ்வொரு காலிலும் நட்டும் போல்ட்டும் பொருத்தித் தரச் சொன்னால், திருகியே உயர்த்தலாம். மரப்பெட்டி போன்ற ஸ்டாண்டானால் மூலைகளில் மட்டுமல்ல, அடிப்பாகம் நெடுகிலும் இடைவெளியை நிரப்புங்கள். பின்பு மேற்சட்டத்தில் மூலைக்கு மூலை இரண்டு நூல்களை இழுத்துக் கட்டுங்கள். நடுவில் ஒன்றையொன்று மெல்லத் தொடவேண்டும். மேல்நூலைக் கீழாக மாற்றிக் கட்டினாலும் அப்படியே தொட்டால் முறுக்கு இல்லை.

தகடுகளை ஸ்டாண்டின் கீழேதான் வைக்கவேண்டும். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே ஒருபோதும் செருகாதிருங்கள். அங்கே விரிக்கும் தெர்மோகோல், பலகையின் சிறு மேடுபள்ளங்களை ஏற்றுக்கொள்ளுமேயன்றித் தரையின் சாய்வைத் தீர்க்காது.

மூன்றாவது, தண்ணீரைக் கொண்டே சோதித்துப் பாருங்கள். ஓரங்குலம் ஊற்றி, நான்கு மூலைகளிலும் அடிக்கண்ணாடியிலிருந்து தண்ணீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து எழுதிவையுங்கள். மூன்றடி நீளத்தில் இரண்டொரு மில்லிமீட்டர் வேறுபாட்டுக்குக் கலங்கவேண்டாம். அதற்கு மேற்பட்டால் தண்ணீரை இறைத்துவிட்டுச் சரிசெய்யுங்கள். நிறைந்த தொட்டியின்கீழ் தகட்டைத் தட்டிச் செருகுவது பேராபத்து. பாதி நிரப்பி ஓர் இரவு விட்டுவிடுங்கள், மறுநாள் நிரப்புங்கள். நிரப்பியபின் தண்ணீரின் மேல்மட்டம் தொட்டியின் விளிம்புக்கு எவ்வளவு கீழே நிற்கிறதென்று நான்கு மூலைகளிலும் குறித்து, ஒரு வாரம் கழித்து மறுபடியும் அளந்து பாருங்கள்.

அந்தச் சகோதரர் கீழ்வீட்டாரிடம் நேரே சென்று மன்னிப்புக் கேட்டு, நனைந்த மெத்தைக்கு ஈடு கொடுத்தார். பழைய ஸ்டாண்டுக்குப் போல்ட் கால்கள் வைத்து, இப்பொழுது உட்சுவரோரம் நிறுத்தியிருக்கிறார். இம்முறை தண்ணீர் நிரப்புமுன் கீழ்வீட்டாருக்கு அறிவித்து, அந்தப் பெரியவரையே அழைத்து ரசமட்டத்தைப் பார்க்கச் செய்தாராம். வாடகை வீட்டில் நம்முடைய தரை இன்னொருவருடைய கூரையாயிருக்கிறது. உங்கள் வீட்டில் தொட்டி இருக்குமானால், இன்று மாலையே குனிந்து அதன் நான்கு கால்களின் கீழும் பாருங்கள்.