பிடிபட்ட இரவுக்கு முன்னால்

குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஜெயிலுக்குப் போனவன் என்றதும் நம் மனதில் வந்து நிற்பவன் இருபது வயதுப் பையன். சைலன்சரை மாற்றிய பைக், அப்பா பேச்சைக் கேட்காத திமிர். அப்படி நினைத்துக்கொள்வது நமக்குச் சௌகரியம்.

1997-ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்து அமெரிக்க நீதித்துறை வெளியிட்ட புள்ளிவிவரம் வேறொரு ஆளைக் காட்டியது. இந்தக் குற்றத்துக்காகத் தண்டனையில் இருந்தவர்கள் மற்ற குற்றவாளிகளைவிட வயதில் மூத்தவர்கள், கூடுதலாகப் படித்தவர்கள். பலருக்கு அது முதல் தடவையும் அல்ல. தமிழ்நாட்டுக்கு அந்தக் கணக்கு அப்படியே ஒத்துவராதுதான். ஆனால் அந்த ஆளை நமக்குத் தெரியும். நாற்பதைத் தொட்ட கொத்தனார், லோடு வண்டி டிரைவர், சீட்டுக் கம்பெனிக் கணக்குப்பிள்ளை. வேலை முடிந்தால் பாரில் ஒரு குவார்ட்டர், அப்புறம் வீடுவரை வண்டி. போலீஸ் ஊதச் சொன்னது ஓர் இரவு. அதற்கு முன்னால் அவர் அப்படி ஓட்டிப்போன இரவுகளை எல்லாம் பார்த்தது நாம்.

பார்த்து என்ன செய்தோம்? கல்யாண மண்டபத்து மாடியில் நாமே ஊற்றிக் கொடுத்தோம். கிளம்பும்போது "பாத்துப் போ மாப்ள" என்றோம். சாவியைப் பிடுங்கினால் மரியாதைக் குறைச்சல் ஆகிவிடுமே! எந்த ரோட்டில் செக்கிங் என்று வாட்ஸ்அப்பில் சொல்லி அனுப்பியதை உதவி என்றே நம்பினோம்.

2003 முதல் சில்லறை மது விற்பனை அரசின் டாஸ்மாக் கையில் இருக்கிறது. பார் வாசலில் வரிசையாக நிற்கும் டூவீலர்கள் ராத்திரி எப்படி வீடு திரும்பும் என்று ஒரு கிராமசபையிலாவது கேட்டோமா? நெடுஞ்சாலையோரக் கடைகள் கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது கைதட்டினோம். நகர எல்லைக்குள் அது பொருந்தாது என்று 2017-இல் தளர்த்தியபோது ஆளாளுக்கு வேறு வேலை இருந்தது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவுப்படி முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை, இல்லாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். காரில் வந்தவருக்கு அந்தப் பணம் ஒரு தொல்லை. கொத்தனாருக்குப் பத்துப் பதினைந்து நாள் கூலி. சிகிச்சை பற்றி அந்தப் பிரிவில் ஒரு வரிகூட இல்லை. இல்லையே என்று நாமும் கவலைப்பட்டதில்லை. குடிநோயாளிகளுக்காகச் சென்னையில் சாந்தி ரங்கநாதன் சிகிச்சை அமைப்பைத் தொடங்கியது 1980-இல். பிடிபட்ட வண்டியை மீட்க வட்டிக்கு வாங்கியாவது பணம் புரட்டிக் கொடுத்த நாம், பிடிபட்டவரை அப்படியோர் இடத்துக்குக் கூட்டிப்போக ஒரு நாள் லீவு போட்டதில்லை.